வீட்டிலேயே கண் பவர் பார்க்கும் கருவிகள்: அந்த நம்பரை நம்பி கண்ணாடி போடலாமா?

"கடைக்குப் போக வேண்டாம், டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். போன்ல இந்தக் கருவியை மாட்டுங்க, கண்ணுல வைங்க, சில நிமிஷத்துல உங்க கண் பவர் ரெடி!" இந்த மாதிரி விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கையடக்கக் கருவி, போன் ஆப், இணையத்தில் பார்வைப் பரிசோதனை எனப் பல பெயர்களில் இவை வருகின்றன. கிடைத்த நம்பரை ஆன்லைனில் கொடுத்தால் கண்ணாடி வீட்டுக்கே வந்துவிடும்.

கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கருவிகள் எவ்வளவு துல்லியமானவை? அதில் வரும் நம்பரை அப்படியே கண்ணாடிக் கடையில் கொடுக்கலாமா? யார் பயன்படுத்தலாம், யார் தொடவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

• பார்வை எவ்வளவு தெரிகிறது என்று சோதிப்பது வேறு, கண்ணாடி பவரைக் கண்டுபிடிப்பது வேறு, கண் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்ப்பது வேறு.
• கையடக்கக் கருவி நன்றாக வேலை செய்யும் என்பதற்கு மதுரையிலேயே நடந்த ஆய்வு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அங்கே கருவியை இயக்கியது நோயாளி அல்ல.
• குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள், 40 வயதைக் கடந்தவர்கள் சுயபரிசோதனையை மட்டும் நம்பக் கூடாது.

கண்ணாடிச் சீட்டில் என்னதான் இருக்கிறது?

முதலில் இதைப் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். கண்ணாடிக்கு எழுதித் தரும் சீட்டில் ஒவ்வொரு கண்ணுக்கும் பொதுவாக மூன்று எண்கள் இருக்கும்.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த மைனஸ் அல்லது ப்ளஸ் பவர். கிட்டப்பார்வை என்றால் மைனஸ், தூரப்பார்வை என்றால் ப்ளஸ். இதை டயாப்டர் என்ற அளவில் சொல்வார்கள். மைனஸ் 1.00 உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமல் 1 மீட்டர் வரை தெளிவாகத் தெரியும், அதற்கு அப்பால் மங்கும். மைனஸ் 2.00 என்றால் அந்தத் தூரம் 50 சென்டிமீட்டர்.

இரண்டாவது, சிலிண்டர். கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாதவர்களுக்கு இது தேவைப்படும். மூன்றாவது, ஆக்சிஸ். அந்த சிலிண்டர் லென்ஸை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லும் எண் இது.

இவை தவிர, 40 வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்தவர்களுக்குப் படிப்பதற்கான கூடுதல் பவர் வேண்டும். இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரமும் வேண்டும். லென்ஸ் பவர் 0.25 என்ற படிகளில் கிடைக்கிறது. ஆக, கருவி பிடிக்க வேண்டிய அளவு இவ்வளவு நுணுக்கமானது.

'வீட்டில் கண் பரிசோதனை' என்று எதையெல்லாம் சொல்கிறார்கள்?

ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் இவை மூன்று விதம்.

1. எழுத்து காட்டும் ஆப்கள்: ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையைப் போனுக்குள் கொண்டுவந்தவை. உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டுள்ள 'டபிள்யூஹெச்ஓஐஸ்' என்ற இலவச ஆப் இந்த வகை. கென்யாவில் சோதிக்கப்பட்டு 2015-ல் ஆய்வு முடிவு வெளியான 'பீக் அக்யூட்டி' ஆப்பும் இதே வகைதான். பார்வை குறைந்திருக்கிறதா என்று இவை சொல்லும். என்ன பவர் வேண்டும் என்று சொல்லாது. அப்படிச் சொல்வதாக இவை உரிமை கோரவும் இல்லை.

2. போனில் மாட்டும் கருவிகள்: சின்ன பைனாகுலர் மாதிரி இருக்கும். உள்ளே பார்த்து நீங்களே பட்டனை அழுத்தி அளக்க வேண்டும். இவைதான் 'பவர்' சொல்கின்றன.

3. கையடக்க ஆட்டோ ரிஃப்ராக்டர்: கடையில் தாடையை வைத்துப் பார்க்கும் பெரிய மெஷினின் கையடக்க வடிவம். கண்ணுக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்துத் தானே கணக்கிடும். இதைப் பயிற்சி பெற்றவர்கள் அடுத்தவர் கண்ணுக்குப் பிடித்து இயக்குவார்கள்.

விளம்பரத்தைப் பார்க்கும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: இது எந்த வகை?

போனில் மாட்டும் கருவி எப்படிப் பவரைக் கண்டுபிடிக்கிறது?

இதன் தொடக்கம் 2010. அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில், இந்தியாவில் பிறந்த ரமேஷ் ராஸ்கர் தலைமையிலான குழு 'நேத்ரா' என்ற கருவியை அறிமுகம் செய்தது. போன் திரைக்கு மேல் ஒரு மலிவான லென்ஸ் அமைப்பை வைத்தார்கள். திரையில் இரண்டு கோடுகள் தெரியும். பவர் இல்லாத கண்ணுக்கு அவை ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். பவர் இருந்தால் விலகித் தெரியும். பட்டனை அழுத்தி அவற்றை ஒன்று சேர்க்க எத்தனை அடி நகர்த்தினோம் என்பதை வைத்து பவர் கணக்கிடப்படும்.

இதே தொழில்நுட்பத்தின் வழியில்தான் 'ஐக்யூ' என்ற அமெரிக்க நிறுவனம் வீட்டு உபயோகக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிவப்புக் கோட்டையும் பச்சைக் கோட்டையும் சேர்த்து மஞ்சளாக்க வேண்டும். கோணத்தை மாற்றி மாற்றி இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கவனிக்க வேண்டிய விஷயம், அந்த நிறுவனம் தன் முடிவுகளை 'கண்ணாடி எண்கள்' என்றுதான் அழைத்தது, மருந்துச் சீட்டு என்று சொல்லவில்லை. அந்த வார்த்தை வித்தியாசம் சும்மா போட்டது அல்ல.

சரி, துல்லியம் எவ்வளவு?

நேத்ராவின் முதல் சோதனையில், சிறிய குழுவினரிடம் அளந்தபோது, சராசரி வித்தியாசம் 0.5 டயாப்டருக்குள் இருந்ததாக ஆய்வாளர்கள் தெரிவித்தனர். இது நல்லதா, கெட்டதா?

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அனுபவம் வாய்ந்த இரண்டு ஆப்டோமெட்ரிஸ்ட்கள் ஒரே கண்ணைச் சோதித்தாலும் அச்சு அசலாக ஒரே எண் வராது. பெரும்பாலும் 0.25 வித்தியாசம் இருக்கும், சில சமயம் 0.50 வரை போகும். அதனால் கருவி 0.25 தள்ளிக் காட்டினால் அதைப் பெரிய தப்பு என்று சொல்ல முடியாது.

ஆனால் 'சராசரி' என்ற வார்த்தையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவருக்கு 0.75 கூடுதலாகவும் இன்னொருவருக்கு 0.75 குறைவாகவும் காட்டினால், இரண்டையும் கூட்டிப் பார்க்கும்போது சராசரித் தப்பு பூஜ்யம். கருவி அபாரம் என்று தோன்றும். ஆனால் அந்த இருவருமே தப்பான கண்ணாடியோடு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். சராசரியை யாரும் மூக்கில் மாட்டிக்கொள்வதில்லை, அவரவர் பவரைத்தான் மாட்டுகிறார்கள்.

அதனால் '99% துல்லியம்' என்று யாராவது விளம்பரம் செய்தால், எதற்கு 99% என்று கேளுங்கள். 0.25-க்குள் வந்தவர்களா, 1.00-க்குள் வந்தவர்களா? சிலிண்டரும் சேர்த்தா, சேர்க்காமலா? எந்த வயதினர்? இந்த விவரம் இல்லாத சதவீதத்துக்கு அர்த்தமே கிடையாது.

மதுரையில் நடந்த ஆய்வு என்ன சொல்கிறது?

இந்த விவாதத்தில் முக்கியமான ஓர் ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் அதன் கிராமப்புறப் பார்வை மையம் ஒன்றுக்கும் வந்த 708 பேரிடம், குறைந்த விலை ஆட்டோ ரிஃப்ராக்டர் ஒன்று சோதிக்கப்பட்டது. இதன் முடிவுகள் 2019-ல் மருத்துவ ஆய்விதழில் வெளியாயின. மேலே சொன்ன மூன்றாவது வகைக் கருவி இது. ஆய்வாளர்களில் சிலர் கருவியை உருவாக்கிய நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி சொன்ன பவர் ஒன்று, அனுபவசாலி ஒருவர் லென்ஸ் மாற்றி மாற்றிக் கண்டுபிடித்த பவர் இன்னொன்று. இரண்டையும் ஒவ்வொருவரும் போட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி இல்லாமல் சராசரியாக 6/12 என்று இருந்த பார்வை, இரண்டு கண்ணாடியிலுமே 6/6 அளவுக்கு வந்தது. இரண்டுக்கும் இடையே வித்தியாசம், எழுத்துப் பலகையில் சுமார் ஒரே ஒரு எழுத்து.

'எது உங்களுக்கு வசதி?' என்று கேட்டபோது, 42% பேர் மனிதர் பார்த்த பவரையும் 33% பேர் கருவி சொன்ன பவரையும் தேர்வு செய்தார்கள். 25% பேருக்கு எதுவானாலும் சரி. 40 வயதும் அதற்குக் கீழும் உள்ள 438 பேரை மட்டும் எடுத்துப் பார்த்தால், விருப்பம் சொன்னவர்கள் கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரிந்தார்கள்: 51%, 49%.

இதிலிருந்து தெரிவது இரண்டு. ஒன்று, கையடக்கக் கருவி என்றாலே ஏமாற்று வேலை என்று ஒதுக்கத் தேவையில்லை. ஆப்டோமெட்ரிஸ்ட் இல்லாத கிராமத்தில், குறைந்த பயிற்சி பெற்ற ஒருவர் கையில் இப்படி ஒரு கருவி இருந்தால் பலருக்கு நல்ல கண்ணாடி கிடைக்கும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்குக் கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி கொடுத்தபோது, கொடுக்கப்படாதவர்களைவிட அவர்களின் உற்பத்தித் திறன் 21.7% அதிகம் உயர்ந்ததாக 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒரு கண்ணாடிக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

இரண்டாவதுதான் விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது. மதுரையில் கருவியைப் பிடித்தது நோயாளி அல்ல, ஒரு டெக்னீசியன். வந்த பவரை லென்ஸில் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். அதுவும் கண் மருத்துவமனையின் கண்காணிப்பில். அந்த முடிவை எடுத்து, 'வீட்டில் நீங்களே செய்தாலும் இப்படித்தான் வரும்' என்று சொல்ல முடியாது.

நாமே அளக்கும்போது எங்கே தப்பு நடக்கும்?

முதல் காரணம், நம் கண்ணேதான். கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தானாகவே குவியத்தை மாற்றிக்கொள்ளும். கண் அருகே ஒரு கருவியை வைத்ததும், 'ஏதோ பக்கத்தில் இருக்கிறது' என்று கண் நினைத்துக்கொள்ளும். விளைவு, மைனஸ் பவர் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். வயது குறையக் குறைய இந்தப் பிரச்சினை அதிகம். அதனால்தான் குழந்தைகளுக்கு மருத்துவர்கள் சொட்டு மருந்து போட்டு, அந்தத் தசையைத் தளர்த்திவிட்டுப் பவர் பார்க்கிறார்கள். போன் கருவியால் அதைச் செய்ய முடியாது. கூடுதல் மைனஸ் போட்டால் எழுத்து பளிச்சென்று தெரியும். ஆனால் கண் எப்போதும் வேலை செய்துகொண்டே இருப்பதால் தலைவலி, கண் சோர்வு வரும்.

இரண்டாவது, ஆக்சிஸ். சிலிண்டர் லென்ஸ் 10 டிகிரி திரும்பிப் போனால், அதன் பயனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வீணாகும். 30 டிகிரி திரும்பினால் லென்ஸே போடாததற்குச் சமமான மங்கல் இருக்கும். கருவியைப் பிடிக்கும்போது தலை சாய்ந்தாலோ கை அசைந்தாலோ இந்த எண் மாறும். அதிக சிலிண்டர் உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம்.

மூன்றாவது, கண்மணிகளுக்கு இடையிலான தூரம். 5.00 பவர் லென்ஸின் மையம் 4 மில்லிமீட்டர் தள்ளிப்போனால், அது ஒளியை 2 ப்ரிஸம் அளவுக்கு வளைக்கும். பவர் சரியாக இருந்தும், 'புதுக் கண்ணாடி போட்டா தலை சுத்துது' என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, நம் பொறுமை. கோடு சேர்ந்ததா இல்லையா என்று முடிவு செய்வது நீங்கள். இரவு 11 மணிக்கு, நாள் முழுக்கத் திரை பார்த்த கண்ணோடு செய்தால் ஒரு எண் வரும், காலையில் செய்தால் வேறு எண் வரும்.

பவர் சரி, ஆனால் கண் சரியா?

உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தப்பான கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கண்ணுக்குள் வளரும் நோயைக் கவனிக்காமல் விட்டால், இழந்த பார்வை பல நேரங்களில் திரும்பாது.

கண் அழுத்த நோய்: குளுக்கோமா என்று சொல்லப்படும் இந்த நோயில் முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வை. நடுப்பார்வை கடைசி வரை தெளிவாக இருக்கலாம். அதாவது, எழுத்துப் பலகையில் 6/6 வாங்குபவருக்கும் இந்த நோய் இருக்கலாம். ஆப் 'உங்கள் பார்வை சூப்பர்' என்று பச்சை டிக் போடும். பார்வை நரம்பைப் பார்த்தால்தான் நோய் தெரியும்.

சர்க்கரை நோய்: ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸில் நீர்ச்சத்து மாறி, பவரும் கூடவே மாறும். இந்த வாரம் அளந்த பவர், சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு பொருந்தாது. கண்ணாடி மாற்றிக்கொண்டே இருப்பவர் சோதிக்க வேண்டியது பவரை அல்ல, சர்க்கரையையும் விழித்திரையையும்.

கண்புரை: 'எனக்கு 65 வயசு, இப்போ கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்' என்று சிலர் சந்தோஷமாகச் சொல்வார்கள். கண்புரை வளரும்போது லென்ஸ் அடர்த்தியாகி மைனஸ் பவர் ஏறுவதால் கிட்டப் பார்வை தற்காலிகமாகத் தெளியலாம். கருவி இதை வெறும் பவர் மாற்றமாகத்தான் காட்டும்.

கெரட்டோகோனஸ்: கருவிழி மெலிந்து கூம்பு போல் ஆகும் நோய். பதின்வயதில் தொடங்கும். சிலிண்டர் பவர் சீக்கிரம் சீக்கிரமாக ஏறும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் மேலும் மோசமாகாமல் தடுக்கச் சிகிச்சை உண்டு.

வழக்கமான கண் பரிசோதனையில் பவர் பார்ப்பதோடு இவற்றுக்கும் ஒரு பார்வை கிடைக்கிறது. கண்ணாடிக்காகப் போன இடத்தில்தான் பலருக்கு நோய் இருப்பதே தெரியவருகிறது. ஆப்பில் பவர் வாங்கிவிட்டால் அந்த ஒரு வாய்ப்பும் போய்விடுகிறது.

அரசுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவில் சிகாகோவைச் சேர்ந்த 'ஆப்டர்நேட்டிவ்' நிறுவனம் இணையவழியில் கண்ணாடிச் சீட்டுக்கான பரிசோதனையை வழங்கி வந்தது. உரிய அனுமதி இல்லை என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2019-ல் பரிசோதனை திரும்பப் பெறப்பட்டது. பிறகு 'விசிப்ளி' என்று பெயர் மாறிய அதே நிறுவனம் 2022-ல் அனுமதி பெற்றது. ஆனால் எதற்கு? 22 முதல் 40 வயது வரையிலானவர்களின் பார்வைத் தெளிவை அளக்க மட்டும். பவர் கண்டுபிடிக்க அல்ல, நோய் கண்டறியவும் அல்ல. கடிதத்துக்கும் அனுமதிக்கும் இடையே நடந்த மாற்றம், இந்தத் தொழில்நுட்பத்தின் எல்லை எது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல், நோய் கண்டறியப் பயன்படும் மென்பொருள் உட்பட எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. அதனால் விற்பவரிடம் பதிவு விவரத்தைக் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் பதிவு இருப்பதால் மட்டுமே உங்கள் கண்ணுக்குச் சரியான எண் வரும் என்று அர்த்தமில்லை.

'கம்ப்யூட்டர் கண் பரிசோதனை' மட்டும் போதுமா?

இந்தக் கேள்வி வீட்டுக் கருவிக்கு மட்டுமல்ல. நம் ஊர்க் கடைகளில் 'இங்கு கம்ப்யூட்டர் மூலம் கண் பரிசோதனை' என்ற போர்டைப் பார்த்திருப்பீர்கள். தாடையை வைத்ததும் மெஷின் ஒரு துண்டுச் சீட்டு தரும். அது பரிசோதனையின் தொடக்கப் புள்ளிதான். அதன்பிறகு டெஸ்ட் ஃப்ரேமை மாட்டி, 'இது தெளிவா, அது தெளிவா?' என்று லென்ஸ் மாற்றிக் கேட்க வேண்டும். கொஞ்சம் நடக்கவிட்டு, படிக்கவிட்டுப் பார்க்க வேண்டும். மெஷின் சீட்டை மட்டும் வைத்துக் கண்ணாடி செய்தால், அதுவும் வீட்டுக் கருவியை நம்பிச் செய்வதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

யார் பயன்படுத்தலாம்?

• 18 முதல் 40 வயது வரை, வேறு கண் நோய் இல்லாதவர்கள், பார்வை மாறியிருக்கிறதா என்று கண்காணிக்க.
• அண்மையில் முழுக் கண் பரிசோதனை செய்தவர்கள், அந்தச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க.
• கண் மருத்துவமனைக்கு எப்போது போக வேண்டும் என்று முடிவெடுக்க ஒரு துணையாக.

அளப்பதாக இருந்தால், வெவ்வேறு நாட்களில் மூன்று முறையாவது, காலையில் அளந்து பாருங்கள். மூன்றும் 0.50-க்கு மேல் வேறுபட்டால் அந்த எண்களை ஒதுக்கிவிடுங்கள்.

யார் நம்பவே கூடாது?

• குழந்தைகள். சோம்பேறிக் கண் பிரச்சினையைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்தால்தான் நன்றாகச் சரிசெய்ய முடியும்.
• சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள்.
• 40 வயதைக் கடந்தவர்கள், குடும்பத்தில் கண் அழுத்த நோய் உள்ளவர்கள்.
• கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், அதிக பவர் அல்லது அதிக சிலிண்டர் உள்ளவர்கள்.

திடீரென்று பார்வை மங்குவது, மின்னல் போல் வெளிச்சம் தெரிவது, கறுப்புப் புள்ளிகள் திடீரென அதிகமாவது, திரை விழுந்த மாதிரி இருப்பது, கண் வலியோடு சிவப்பது: இவற்றில் எது வந்தாலும் ஆப்பைத் திறக்காதீர்கள். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

செலவில்லாத ஒரு சோதனை

எந்தக் கருவியும் இல்லாமல் இப்போதே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, எதிர்ச் சுவரில் இருக்கும் காலண்டரைப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். ஒரு கண்ணில் பார்வை குறைந்தாலும் மற்ற கண் ஈடுகட்டிவிடுவதால் பலருக்கு அது தெரிவதே இல்லை. வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இதைச் செய்து பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்தால் நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். கடையிலோ மருத்துவமனையிலோ பரிசோதனை முடிந்ததும், பவர், ஆக்சிஸ், கண்மணி தூரம் மூன்றையும் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டு கையில் இருந்தால், கண்ணாடியை எந்தக் கடையில் வேண்டுமானாலும், ஆன்லைனில் வேண்டுமானாலும் வாங்கலாம்.